ஓடும் வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவது எப்படி?

வீடு ஓடுமா?

ஓடும்! அமெரிக்காவில் ஓடுகிறது.

அந்த வீட்டில் படுக்கை அறை உண்டு. சமையல் அறை உண்டு. குளியல் அறையும் உண்டு. நீளம் 30 அடி, 40 அடி கூட இருக்கும். சாமான்களோடு எடை போட்டால் 5 டன், 7 டன் என்று வரும். இதை ஒரு பிக்அப் லாரி இழுத்துக்கொண்டு போகும்.

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும். குடும்பம் குடும்பமாக இந்த வீட்டோடு புறப்பட்டு விடுவார்கள். காட்டிலும், மலையிலும், ஏரிக்கரையிலும் முகாம் போடுவார்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை என்ன? சமையலா? ஏரியில் குளியலா?

இரண்டும் இல்லை. வீட்டை மட்டமாக நிறுத்துவதுதான் முதல் வேலை! இதில் அவசரப்பட்டால் பொருள் சேதம் வரும். ஆள் சேதமும் வரலாம்.

ஐந்தாவது சக்கரம்

இந்த வகை டிரெய்லருக்கு “ஐந்தாவது சக்கரம்” என்று பெயர். விந்தையான பெயர் அல்லவா?

இது குதிரை வண்டிக் காலத்துப் பெயர். நான்கு சக்கர வண்டியில் முன் அச்சு இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். அதற்காக அச்சின் மேல் ஒரு வளையத்தைப் படுக்கையாக வைத்தார்கள். அந்த வளையம்தான் ஐந்தாவது சக்கரம்.

விமானம் கட்டிப் புகழ் பெற்றவர் கிளென் கர்ட்டிஸ். இவர் 1920-களின் கடைசியில் “ஏரோகார்” என்ற இழுவை வண்டியை உருவாக்கினார். அதைக் காரோடு இணைக்க, ஒரு விமானச் சக்கரத்தையே படுக்கையாக வைத்துப் பயன்படுத்தினார்!

இன்று அந்த இடத்தில் இரும்புத் தட்டு இருக்கிறது. அது லாரியின் பின் அச்சுக்கு மேலே இருக்கும். டிரெய்லரின் முன்பக்கத்தில் தடித்த இரும்பு முளை ஒன்று கீழ்நோக்கி நிற்கும். முளை தட்டில் வந்து மாட்டிக்கொள்ளும். நம் ஊர்த் துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளிலும் இதே ஏற்பாடுதான்.

வீட்டின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த முளை வழியாக லாரியின் மேல் உட்காரும். 7 டன் வீடு என்றால் சுமார் 1,400 கிலோ!

தரை ஏன் சரிவு?

அமெரிக்காவில் 1933 முதல் 1942 வரை அரசாங்கம் ஒரு திட்டம் நடத்தியது. வேலை இல்லாத இளைஞர்களைக் கொண்டு காடுகளையும் பூங்காக்களையும் சீர்திருத்தியது. பல முகாம் இடங்கள் அப்போது உண்டானவை. அந்தக் காலத்தில் வந்தவை சிறிய கார்களும் கூடாரங்களும்தான். 40 அடி வீடு வரும் என்று யார் கண்டார்கள்?

மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்றும் தரையில் சரிவு வைப்பார்கள். ஆகவே, நிறுத்திய வீடு ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

சாய்ந்தால் என்ன?

படுத்தால் உருளுவோம். கதவு தானாகத் திறந்துகொள்ளும். குளித்த தண்ணீர் வடியாமல் ஒரு மூலையில் நிற்கும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஆபத்து ஒன்று உண்டு. அது குளிர்பெட்டியில் இருக்கிறது!

இந்த வீடுகள் பலவற்றில் காஸ் எரிந்து குளிர் தரும் பெட்டி இருக்கிறது. நெருப்பிலிருந்து குளிர்! சுவீடன் நாட்டு மாணவர்கள் இருவர் 1922-ல் கண்டுபிடித்தது இது. அவர்கள் பெயர் பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ்.

அதன் குழாய்களில் தண்ணீரும், அம்மோனியாவும், ஹைட்ரஜனும் அடைத்திருக்கும். சூடு பட்டதும் அம்மோனியா ஆவியாகி மேலே போகும். அங்கே ஆறித் திரவமாகும். மறுபடி ஆவியாகும்போது பெட்டியின் சூட்டை இழுத்துக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கரைந்து சரிவான குழாய் வழியாகக் கீழே இறங்கும்.

திரவத்தைத் தள்ள இதில் பம்பு கிடையாது. பள்ளத்தை நோக்கி அது தானாக ஓட வேண்டும். வீடு சாய்ந்தால் அது பாதியிலேயே தேங்கிவிடும். கீழே நெருப்பு மட்டும் எரியும். குழாய் அளவுக்கு மீறிக் காயும். துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த மருந்து கட்டியாகிக் குழாயை அடைக்கும். பெட்டி பாழாகும். குழாய் வெடித்துக் கசிந்தால் தீப்பிடிக்கவும் கூடும்!

பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி. பல பெட்டிகளுக்கு இதுதான் எல்லை. புதிய வீடுகள் பலவற்றில் மின்சாரக் கம்ப்ரசர் பெட்டி வருகிறது. அது சாய்வை அதிகம் தாங்கும்.

முதலில் பக்கவாட்டு!

இதில் ஒரே ஒரு விதி முக்கியம். லாரியைக் கழற்றுவதற்கு முன்பே பக்கவாட்டு மட்டத்தைச் சரி செய்ய வேண்டும்.

ஏன்? முன்பக்கத்தை ஏற்றி இறக்க வீட்டுக்குக் கால்கள் உண்டு. பக்கவாட்டில் தூக்கச் சாதாரண வண்டியில் எதுவும் கிடையாது. சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றித்தான் ஆகவேண்டும். அதற்கு லாரி இழுக்க வேண்டும்.

மட்டம் பார்க்க, நம் ஊர்க் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமே போதும். 4 அடி ரசமட்டத்தை வீட்டின் தரையில் குறுக்காக வையுங்கள். குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த முனையைத் தூக்குங்கள். அடியில் 1 அங்குலம் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 6 அடி. அப்படியானால் தாழ்ந்த பக்கத்தை ஒன்றரை அங்குலம் உயர்த்த வேண்டும்.

அமெரிக்காவில் இரண்டு அங்குலம் என்று சொல்லி விற்கும் பலகையின் கனம் உண்மையில் ஒன்றரை அங்குலம்தான். ஆக, ஒரு பலகை போதும்!

வண்டியைச் சற்று முன்னே நகர்த்த வேண்டும். பலகையைப் போட்டுப் பின்னால் ஏற்ற வேண்டும். ஒரு பக்கத்தில் இரண்டு சக்கரம் இருந்தால் இரண்டும் ஏற வேண்டும். டயர் முழுவதும் பலகை மேல் உட்கார வேண்டும். பாதி டயர் வெளியே தொங்கினால் டயர் கெடும்.

அடுத்தது முட்டுக்கட்டை

இப்போது இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். இதை மறக்கவே கூடாது. லாரி விலகியதும் 7 டன் வீட்டை உருளாமல் தடுப்பது இந்தக் கட்டைகள்தான்!

பிறகு முன் கால்களை இறக்க வேண்டும். அடியில் அகலமான பலகை வேண்டும். இல்லாவிட்டால் ஈர மண்ணில் கால் புதையும். முளையின் பாரம் லாரியை விட்டு நீங்கும்வரை உயர்த்த வேண்டும். அந்த உயரத்தைக் காலில் சாக்பீஸால் குறித்துக்கொள்வது நல்லது.

மின்சார வயரைக் கழற்ற வேண்டும். லாரியின் பின் கதவைத் திறந்து விட வேண்டும். பூட்டை விடுவித்து, லாரியை மெதுவாக முன்னே எடுக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் முன்பின் மட்டம். கால்களை ஏற்றி இறக்கினால் குமிழி நடுவுக்கு வந்துவிடும். கடைசியில் பின்பக்கத்துத் தாங்கு கால்கள். இவை வீடு ஆடாமல் இருப்பதற்கு மட்டுமே. இவற்றால் வீட்டைத் தூக்க முயன்றால் கால் வளையும்.

பொத்தானை அழுத்தினால் தானாக மட்டமாகும் வீடுகளும் உண்டு. அவற்றிலும் சக்கரம் தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் முட்டுக்கட்டையால் பயன் இல்லை.

திரும்பும்போது

ஊர் திரும்பும்போது சாக்பீஸ் குறி உதவும். கால்களை அதே உயரத்துக்குக் கொண்டுவந்து லாரியைப் பின்னால் எடுக்க வேண்டும். முளை உயரமாக இருந்தால் பூட்டுக்குள் விழாமல் தட்டின் மேலேயே உட்காரும். மாட்டியது போலத் தோன்றும். சாலையில் முளை விலகி, வீடு லாரியின் மேல் சரியும்!

ஆகவே, கால்கள் தரையில் இருக்கும்போதே டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து லாரியை லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகுதான் கால்களைத் தூக்க வேண்டும். முட்டுக்கட்டைகளை எடுக்க வேண்டும்.

இத்தனை வேலையும் முடியும்வரை குழந்தைகள் தள்ளி நிற்கட்டும். வீட்டுக்கும் லாரிக்கும் நடுவே யாரும் நுழையக் கூடாது. ஒருவர் லாரியை ஓட்ட, ஒருவர் டிரைவர் கண்ணில் படும்படி நின்று கை காட்டட்டும்.

நிற்கும் வீட்டுக்குக் கல்லும் மண்ணும் அஸ்திவாரம். ஓடும் வீட்டுக்கு? ஒரு பலகையும், சில முட்டுக்கட்டைகளும், கால் மணி நேரப் பொறுமையும்தான்!