துணிகளின் தீத்தடுப்புப் பதப்படுத்தல்

துணிகளின் தீத்தடுப்புப் பதப்படுத்தல் என்பது துணி எளிதில் தீப்பற்றாமலும், பற்றிய தீ பரவாமலும் இருக்கும்படி அதனை வேதிப்பொருட்களால் பதப்படுத்துவது ஆகும். இவ்வாறு பதப்படுத்திய துணி தீயில் எரியவே எரியாத துணி அன்று. தீப்பிழம்பு படும் இடத்தில் அது கருகும். பிழம்பை விலக்கியதும் தானாக அணைந்துவிடும். பந்தல் துணி, திரைச்சீலை, கூடாரம், தீயணைப்பு வீரர்களின் உடை, பற்றவைப்போரின் உடை போன்றவற்றுக்கு இம்முறை பயன்படுகிறது.

வரலாறு

1735-இல் இங்கிலாந்தில் ஒபதையா வைல்டு என்பவர் படிகாரம், வெண்காரம், இரும்பு சல்பேட் ஆகியவற்றைக் கொண்ட கலவைக்குக் காப்புரிமை பெற்றார். 1821-இல் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசாக், அம்மோனியம் பாஸ்பேட், அம்மோனியம் குளோரைடு, வெண்காரம் ஆகியவை சணல், லினன் துணிகளில் தீ பரவுவதைத் தடுப்பதைக் காட்டினார். நாடக அரங்குகளின் திரைகள் தீப்பிடிப்பதைத் தடுப்பதே அந்த ஆய்வின் நோக்கம். சலவையிலும் நீங்காத பதப்படுத்தலை வில்லியம் என்றி பெர்க்கின் (இளையவர்) 1910-களில் வெள்ளீயச் சேர்மங்களைக் கொண்டு உருவாக்கினார். இன்று பரவலாக உள்ள பாஸ்பரஸ் முறைகள் 1950-களிலும் 1960-களிலும் உருவானவை.

செயற்படும் விதம்

பருத்தி ஏறத்தாழ முழுவதும் செல்லுலோசினால் ஆனது. சுமார் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும்போது செல்லுலோசு சிதைந்து எளிதில் தீப்பற்றும் ஆவிகளை வெளியிடுகிறது. பிழம்பாக எரிவது இந்த ஆவிகளே. பிழம்பின் வெப்பம் அடுத்துள்ள துணியைச் சிதைப்பதால் தீ தொடர்ந்து பரவுகிறது.

பாஸ்பரஸ் சேர்மங்களும் அம்மோனியம் சல்பேட்டும் சூடாகும்போது அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் குறைந்த வெப்பநிலையிலேயே செல்லுலோசிலிருந்து நீரைப் பிரித்து, அதனைக் கரியாக மாற்றுகிறது. இதனால் எரியும் ஆவி குறைந்து கரியும் நீராவியும் மிகுகின்றன. வெண்காரமும் போரிக் அமிலமும் உருகிக் கண்ணாடி போன்ற படலமாக இழையை மூடுகின்றன. பிழம்பு அணைந்த பின்னும் கரி கனன்றுகொண்டிருப்பதைப் பாஸ்பேட்டும் போரிக் அமிலமும் தடுக்கின்றன.

தீப்பெட்டித் தொழிலிலும் இதே கொள்கை பயன்படுகிறது. தீக்குச்சியின் மரமும் செல்லுலோசு கொண்டதே. அணைத்து எறிந்த குச்சி கனன்றுகொண்டிராமல் இருக்கக் குச்சிகளை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் நனைத்து உலர்த்தும் முறை உண்டு.

வகைகள்

1. நீரில் கரையும் உப்புகள்: துணியைக் கரைசலில் நனைத்து உலர்த்தினால் போதும். செலவு குறைவு. ஆனால் ஒரு முறை துவைத்தாலோ நன்கு மழையில் நனைந்தாலோ உப்பு கரைந்துபோய்விடும்.

2. நிலைத்த பதப்படுத்தல்: புரோபன் முறையில் பாஸ்பரஸ் சேர்மம் ஊறிய பருத்தித் துணி அம்மோனியா வாயுவில் செலுத்தப்படுகிறது. அப்போது நீரில் கரையாத பலபடி நாரினுள்ளேயே உருவாகிறது. பின்னர் ஐதரசன் பெராக்சைடால் அது மேலும் உறுதியாக்கப்படுகிறது. பைரோவாடெக்சு முறையில் பாஸ்பரஸ் சேர்மம் செல்லுலோசுடன் வேதிப் பிணைப்பு கொள்கிறது. இவை முறையாகச் செய்யப்பட்டால் பல பத்துச் சலவைகளைத் தாங்கும்.

பந்தல்களும் தீ விபத்துகளும்

1995 திசம்பர் 23 அன்று அரியானாவின் தப்வாலி நகரில் பள்ளி விழா ஒன்றில் செயற்கை இழைத் துணியாலான பந்தல் தீப்பற்றி 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். தமிழ்நாட்டில் 1997 சூனில் தஞ்சைப் பெரிய கோயில் வேள்விப் பந்தலிலும், 2004 சனவரியில் திருவரங்கத்துத் திருமண மண்டபப் பந்தலிலும் தீ விபத்துகள் நிகழ்ந்தன. இவ்விரண்டும் கீற்றுப் பந்தல்கள். ஒவ்வொன்றிலும் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

தற்காலிகப் பந்தல்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எசு. 8758 ஆகும். பந்தல் துணிகளை நனைப்பதற்கான கரைசலின் எடை அளவுகள் பின்வருமாறு:

அம்மோனியம் சல்பேட் - 4 பங்கு
அம்மோனியம் கார்பனேட் - 2 பங்கு
வெண்காரம் - 1 பங்கு
போரிக் அமிலம் - 1 பங்கு
படிகாரம் - 2 பங்கு
நீர் - 35 பங்கு

அதாவது 35 லிட்டர் நீருக்கு மொத்தம் 10 கிலோ உப்புகள் தேவை. இது முதல் வகையைச் சேர்ந்த பதப்படுத்தல் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வாடகைப் பந்தல் துணி ஆண்டு முழுவதும் பல விழாக்களுக்குச் செல்கிறது. சென்ற ஆண்டு நனைத்த துணி மழையில் நனைந்திருந்தால், அதற்குப் பின் அதில் பாதுகாப்பு எதுவும் எஞ்சியிருக்காது; கண்ணால் பார்த்து இதனை அறியவும் இயலாது. ஆகவே துவைத்த அல்லது நனைந்த ஒவ்வொரு முறையும் துணியை மீண்டும் கரைசலில் நனைத்தல் அவசியம்.

செயற்கை இழைகள் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் இக்கரைசல் அவற்றில் ஏறுவதில்லை. பாலியெசுட்டர்-பருத்திக் கலப்புத் துணியில் ஆபத்து வேறு வகையானது. உருகும் பாலியெசுட்டரைப் பருத்தியின் கரி, விளக்குத்திரி எண்ணெயைத் தாங்குவது போலத் தாங்கி நின்று எரியச் செய்கிறது.

வறண்ட பகுதிகளில் கவனிக்க வேண்டியவை

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வட்டாரம் வறண்ட நிலமாகும். காற்றில் ஈரப்பதம் குறையும்போது பருத்தியில் உள்ள இயல்பான ஈரமும் குறைவதால் துணி விரைவில் தீப்பற்றும். கோடைகாலத் திருவிழாப் பந்தல்களுக்கு இது பொருந்தும்.

நிலைத்த பதப்படுத்தலுக்கும் இத்தகைய பகுதிகளில் ஒரு சிக்கல் உண்டு. கிணற்று நீர் கடின நீராக இருந்தால், அதில் உள்ள கால்சியம் சோப்புடன் சேர்ந்து கரையாத கசடாகத் துணியில் படியும். அக்கசடு எரியக்கூடியது. எனவே பாதுகாப்பு உடைகளைச் சோப்பினால் துவைக்காமல் சலவைத் தூளால் துவைப்பது நல்லது. குளோரின் வெளுப்பான்கள் பதப்படுத்தலையே சிதைக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பட்டாசுத் தொழிலில் பருத்தி உடை அணிவது, செயற்கை இழைகளில் தோன்றும் நிலைமின்னைத் தவிர்ப்பதற்காகும். பதப்படுத்தாத பருத்தி எளிதில் எரியக்கூடியதே. பதப்படுத்திய உடையும் வெடிப்பிலிருந்து காப்பாற்றாது; உடையில் தீ பரவுவதை மட்டுமே தடுக்கும்.

சோதனை

ஒரு பொருள் எரிவதற்குத் தேவையான குறைந்த அளவு ஆக்சிசன் விழுக்காடு, வரம்பு ஆக்சிசன் சுட்டெண் எனப்படும். காற்றில் ஆக்சிசன் சுமார் 21 விழுக்காடு உள்ளது. பருத்தியின் சுட்டெண் சுமார் 18. எனவே அது காற்றில் தாராளமாக எரிகிறது. நன்கு பதப்படுத்திய பருத்தியின் சுட்டெண் 26-க்கு மேல் இருக்கும். செங்குத்துச் சோதனையில், தொங்கவிட்ட துணியின் கீழ் விளிம்பில் சில நொடிகள் பிழம்பு காட்டப்படுகிறது. அதனை விலக்கிய பின் துணி எரியும் நேரம், கனலும் நேரம், கருகிய நீளம் ஆகியவை அளக்கப்படுகின்றன.

உடல்நலமும் சூழலும்

தீத்தடுப்பான்கள் அனைத்தும் தீங்கற்றவை அல்ல. அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடைகளில் பயன்பட்ட டிரிசு என்னும் புரோமின் சேர்மம், மரபணுப் பிறழ்வை உண்டாக்குவது அறியப்பட்ட பின் 1977-இல் அவ்வுடைகளில் தடை செய்யப்பட்டது. துணிகளின் பின்பூச்சில் பயன்பட்ட டெக்காபுரோமோடைபீனைல் ஈதர், 2017-இல் இசுடாக்கோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பைரோவாடெக்சு முறையில் பார்மால்டிகைடு வெளியாகக்கூடும் என்பதால் பதப்படுத்திய துணியை நன்கு அலச வேண்டும்.