எல்லையில்லாக் காணி

எங்கள் ஊரில் 'பங்குக் காணி' என்றால் சிறு பிள்ளைக்கும் விளங்கும். பாட்டனார் விட்டுச்சென்ற பதினாறு பரப்பில் என் தந்தையாருக்குப் பிரிபடாத நாலிலொரு பங்கு இருந்தது. பங்குக் கிணற்றில் எங்கள் முறை எந்த நாளென்பதும், கிழக்கு வேலியை அடைக்கவேண்டியவர் யாரென்பதும் ஊரறிந்த சங்கதிகள். வேலிக்காக வழக்குப் பேசாத பங்காளர் எங்கள் பகுதியில் அருமை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், தம் பங்கை அந்நியருக்கு விற்க நினைப்பவர் முதலில் உடன்பங்காளருக்கு அறிவிக்கவேண்டும் என்பது தேசவழமை. 1947 இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

1990 இல் இடம்பெயர்ந்து திருச்சிராப்பள்ளியில் ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மையார் கணவனை இழந்தவர். காலையில் இட்டலி அவித்து விற்றுச் சீவித்தவர். ஒருநாள் ஆங்கிலத்தில் அச்சடித்த பத்திரமொன்றைக் கொணர்ந்து, "சார், இது சரியா இருக்கான்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். பலர் கூடித் தோட்டக் காணி வாங்குகிறார்களாம். தவணைமுறையில் பணம் கட்டினால், சில ஆண்டுகள் கழித்துத் தமக்குரிய துண்டையோ அதன் உயர்ந்த விலையையோ பெறலாமாம். முகவராக வந்தவன் அவருடைய தம்பி மகன். நான் படித்தேன். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை, முத்திரை இருந்தது, சதுர கெசத்தில் அளவுகூட இருந்தது. "சரியாய்த்தான் இருக்கிறது, அம்மா" என்றேன். நாற்புற எல்லை எங்கே என்று கேட்கவேண்டுமென்பது, பங்குக் காணியில் பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை.

சில ஆண்டுகளில் அந்தக் கம்பனி கதவடைத்தது. மிகச் சிறிய கம்பனி. பெயர் இங்கு வேண்டாம். அம்மையார் என்னை ஒரு சொல்லும் கடிந்தாரில்லை. தம்பி மகன்தான் அந்தத் தெருவுக்கு வருவதை விட்டான்.

இவ்வகை வியாபாரம் எத்துணைப் பெரிதாய் வளரக்கூடும் என்பதை, அதனோடு தொடர்பில்லாத வேறொரு கம்பனியின் வரலாற்றிலே பின்னாளில் கண்டேன். 1996 இல் பதிவாகிப் பின்னர் பி.ஏ.சி.எல். என்று வழங்கிய இந்தியக் கம்பனி, விவசாயக் காணியின் பெயரால் ஏறக்குறைய 5.85 கோடி மக்களிடம் 49,100 கோடி ரூபாய் திரட்டியது. இலங்கையின் சனத்தொகையைப் போல் இரு மடங்குக்கும் மேலான மக்கள்! தாங்கள் செய்வது வெறுங் காணி விற்பனையே என்பது கம்பனியின் வாதம். பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் 'செபி' வாரியம் 1999 இலேயே ஆட்சேபித்தது. 2003 இல் இராசத்தான் உயர் நீதிமன்றம் கம்பனிக்குச் சார்பாகத் தீர்த்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2013 இல். இடைப்பட்ட பத்தாண்டுகள் யாருக்கு இலாபமாயின என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

2014 ஆகஸ்டில் செபி அளித்த கட்டளை தெளிவானது: இது கூட்டு முதலீட்டுத் திட்டமே, திரட்டிய பணத்தை மூன்று மாதத்துள் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடுத்தால்தானே! 2016 பெப்ரவரியில், காணிகளை விற்றுப் பணத்தை மீளளிக்க, முன்னாள் பிரதம நீதியரசர் லோதா தலைமையில் குழுவொன்றை அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. பல மாநிலங்களில் சிதறிக் கிடந்த நிலத்தை விற்பது இலேசான காரியமன்று. முதலில் 2,500 ரூபாய் வரையான சிறு கோரிக்கைகளே கவனிக்கப்பட்டன. பிறகு தொகை படிப்படியாக உயர்ந்தது. பணம் கட்டியதற்கான பத்திரமில்லாதவர் பாடு திண்டாட்டம்.

2018 இல் திருச்சிக்குப் போயிருந்தேன். அம்மையார் முதுமையால் தளர்ந்திருந்தார். நாளிதழில் இச்செய்தியை யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்பு இற்றுப்போன அந்தப் பழைய பத்திரத்தை என் கையில் தந்தார்.

"இதுக்கும் ஏதாச்சும் குடுப்பாங்களா, சார்?"

அந்தக் குழு வேறொரு கம்பனிக்குரியது என்று விளக்கினேன். இம்முறை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஊரின் பெயர் எங்குமே இல்லை.

"அப்போ தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

விடை சொல்லத் தெரியாமல், கிழியாதபடி மடித்து மீண்டும் பெட்டிக்குள் வைத்தேன்.