வீடறிந்த பூனை

நெல் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பூனைக்கு வேலை உண்டு. குளங்களை நம்பி வயல் செய்யும் வவுனியா மண்ணில் இவ்வுறவுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. காலபோக அறுவடை முடிந்து நெல்மூடைகள் வீட்டினுள் அடுக்கப்படும் நாட்களில், பகலெல்லாம் அடுப்படியிற் சுருண்டு கிடந்த பூனை, இரவானதும் அம்மூடைகளின் காவலாளியாகி விடுகின்றது.

ஆயினும் வீட்டாரின் உள்ளத்தை அது கவர்வது விளையாட்டினாலேயே. அம்மம்மா சுளகெடுத்து அரிசி புடைக்க அமர்ந்தால், அசையும் சேலைத் தலைப்பு அதற்கு ஓர் எலியாகும். பள்ளிப்பிள்ளை விரித்த கொப்பியின்மேல் ஏறிப் படுத்து, எழுதும் பேனையை முன்னங்காலால் தட்டும். மீன்காரரின் குரல் ஒழுங்கையிற் கேட்டதும், வீட்டாருக்கு முன்னரே படலையடிக்கு ஓடி நிற்கும்.

இவ்விளையாட்டினுள் வேட்டை ஒளிந்திருக்கின்றது. பதுங்குதல், குறிபார்த்தல், பாய்தல், பற்றுதல் ஆகிய நான்கும் குட்டிப் பருவத்தில் உடன்பிறந்த குட்டிகளோடு பயின்ற பாடங்கள். அதன் அன்புக்கும் அப்பருவமே வேர். மடியில் அமர்ந்து முன்னங்கால்களால் மாறிமாறிப் பிசைவது, தாயிடம் பால் குடித்த காலத்துப் பழக்கத்தின் எச்சம். வளர்ந்த பூனைகள் தம்முள் ‘மியாவ்’ என்று அழைத்துக்கொள்வது அரிது; குட்டியாயிருந்து தாயை அழைத்த அக்குரலை அவை மனிதருக்கென்றே வைத்துக்கொள்கின்றன. கன்னத்தை நம் காலில் உரசும்போதோ தன் மணத்தை நம்மீது பதித்து, இவர் என்னவர் என்று உரிமை கொண்டாடுகின்றது.

தமிழ் மரபும் இவ்வுயிரை நன்கறியும். வெருகினைப் பூசை என வழங்குவதையும், அதன் இளமைக்குக் குட்டி என்னும் பெயர் உரியதென்பதையும் தொல்காப்பிய மரபியல் கூறுகின்றது. குறுந்தொகையின் 107ஆம் பாடலில், இன்துயில் கலைத்த சேவலைச் சினக்கும் தலைவி, நள்ளிரவில் வீட்டெலியை நோக்கியிருக்கும் வெருகின் குட்டிக்கு அது இரையாகட்டும் என்கின்றாள். காட்டு வெருகு எலியின் பொருட்டு மனைக்கு அருகில் வந்துவிட்டமை அங்கே புலனாகின்றது.

இத்தகைய நெருக்கம் உலகில் மிகப் பழைமையானது. சைப்பிரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழியொன்றின் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். பூனை அத்தீவுக்கு இயல்பாக உரியதன்று. கடல் கடந்து சென்ற மனிதர் அதனையும் உடன்கொண்டு சென்றிருத்தல் வேண்டும்.

நம் காலத்தில் வன்னியை விட்டோடியவர்களில் எத்தனை பேருக்கு அது இயன்றது? 1997இல் ‘ஜெயசிக்குறு’ படைநடவடிக்கை வவுனியாவிலிருந்து ஏ9 வீதி வழியே வடக்கு நோக்கி நகர்ந்தபோதும், 2009 மே மாதத்தில் முடிந்த இறுதிப் போரின்போதும் வன்னியின் ஊர்கள் பல வெறுமையாயின. கைக்கெட்டியதை அள்ளிக்கொண்டு புறப்பட்டவர்களின் பின்னே நாய் சிறிது தூரமேனும் ஓடிவரும். பூனையோ தான் மணம் பதித்த எல்லையை எளிதில் விட்டு நீங்காது. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதுவரை அங்கே தறப்பாள்களின் கீழ் வாழ்ந்தோருக்கு அடுப்படியும் நெல்மூடையும் பூனையும் ஒருங்கே நினைவுகளாயின.

மீளக் குடியேறுதல் என்பது கூரை வேய்வதுடன் முடிவதன்று. விதைத்ததை அறுக்கவும், அறுத்ததை வீட்டில் வைத்து உண்ணவும் கூடும் என்ற நிச்சயம் பிறக்க வேண்டும். அந்நிச்சயம் உள்ள வீட்டில்தான் எலியைப் பற்றிக் கவலைப்பட நேரமிருக்கும். அயலிலிருந்து ஒரு குட்டியைக் கேட்டு வாங்கிவர மனமிருக்கும். பானையிலிருந்து பூனைக்கென ஒரு பிடி சோறு ஒதுக்கும் தாய், நாளையும் இங்கேயே உலை வைப்பேன் என்று நம்புகின்றாள்.