பக்கத்து வீட்டு நாய் உங்கள் நாயைக் கடித்தால் சட்டம் என்ன சொல்கிறது? நீங்கள் என்ன செய்யலாம்?

காலை ஆறரை மணி. ஆபீஸ் மீட்டிங்குக்கு முன்னால் நாயை ஒரு சுற்று கூட்டிக்கொண்டு வரலாம் என்று லிஃப்டில் இறங்குகிறீர்கள். தரைத்தளத்தில் கதவு திறந்ததும் மூன்றாவது மாடிக்காரரின் ஜெர்மன் ஷெப்பர்ட் எதிரே நிற்கிறது. கழுத்தில் பட்டை இருக்கிறது, பட்டையில் கயிறு இல்லை. உங்கள் நாய் உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிகிறது. பத்தடி தள்ளி, போனைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்கிறார்: "பயப்படாதீங்க, அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்."

பெங்களூரு, புனே, நொய்டா, சென்னை என எந்த ஊர் அடுக்குமாடியாக இருந்தாலும், நாய் வளர்ப்பவர்களுக்கு இந்த வசனம் பழகியதுதான். பெரும்பாலான நாட்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒருநாள் அந்த நாய் 'ஏதாவது பண்ணிவிட்டால்' என்ன? யாரிடம் போவது? மருத்துவச் செலவு யாருடையது? கடிபட்டது நீங்கள் இல்லை, உங்கள் நாய் என்றால் போலீஸ் புகாரை வாங்குமா?

பதில்கள் கொஞ்சம் சிக்கலானவை. ஆனால் கடி நடப்பதற்கு முன்பே நீங்கள் செய்யக்கூடிய ஒரு எளிய வேலை இருக்கிறது. பின்னால் வரும் எல்லாமே அதைப் பொறுத்துத்தான் அமையும்.

கணக்கில் வராத கடி

2024ஆம் ஆண்டில் இந்தியாவில் 37 லட்சத்துக்கும் அதிகமான நாய்க்கடிகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம். இந்த எண்களைத் தலைப்புச் செய்திகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இவை மனிதர்கள் மீதான கடிகள். கடித்தது தெரு நாயா, வீட்டு நாயா என்று அந்த மொத்த எண் பிரித்துச் சொல்வதில்லை. ஒரு நாயை இன்னொரு நாய் கடித்தது இந்தக் கணக்கிலேயே வராது. உங்கள் நாய்க்குத் தையல் போட்ட கால்நடை மருத்துவரின் ரசீது உங்கள் அலமாரியில் இருக்கும், அவ்வளவுதான்.

2025இல் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்துப் பிறப்பித்த நாய் உத்தரவுகளும் முக்கியமாகத் தெரு நாய்களைப் பற்றியவைதான். உரிமையாளர் இருந்தும் கயிறில்லாமல் திரியும் நாய் வேறு பிரச்சினை. அந்த நாய்க்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், அவருக்குக் கதவு எண்ணும் இருக்கிறது. அதனால் தெரு நாய் விவகாரத்தைவிட இதைத் தீர்ப்பது எளிதாக இருக்க வேண்டும். நடைமுறையில் அப்படி இல்லை. காரணம், சட்டம் எழுதப்பட்ட விதம்.

சட்டத்தின் கண்ணில் உங்கள் நாய் யார்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவுதான் இங்கே முதலில் பார்க்க வேண்டியது. தன் பொறுப்பில் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ, கொடுங்காயமோ வரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான நடவடிக்கையை ஒருவர் தெரிந்தே அல்லது அலட்சியமாக எடுக்காமல் விட்டால் அது குற்றம். தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆவது பிரிவில் அபராத உச்சவரம்பு 1,000 ரூபாயாக இருந்தது.

கவனிக்க வேண்டிய சொல், 'மனித'. உங்கள் நாய்க்கு வரும் ஆபத்து இந்தப் பிரிவுக்குள் நேரடியாக வராது.

விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் தனியாக 325ஆவது பிரிவு இருக்கிறது. தண்டனை 5 ஆண்டு வரை சிறை. ஆனால் அது வேண்டுமென்றோ, சேதம் வரும் என்று தெரிந்தோ செய்யும் செயலுக்கானது. "கயிறு கட்ட மறந்துட்டேன் சார்" என்பவர் மீது அதை நிறுவுவது கடினம். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960, நாயைச் சண்டைக்குத் தூண்டிவிடுவதைக் குற்றமாக்குகிறது. முதல் முறை என்றால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு டீ, ஒரு சமோசாவுக்கான காசு. அதிலும் அலட்சியத்தால் நடந்த தாக்குதல் 'தூண்டிவிடுதல்' ஆகாது.

அதாவது, பக்கத்து வீட்டுக்காரரின் கவனக்குறைவால் உங்கள் நாய் செத்தே போனாலும், அதற்கென்று பொருந்தும் நேரடியான குற்றவியல் பிரிவு தேசிய அளவில் கிடைப்பது அரிது. சட்டம் உங்கள் நாயை உங்கள் உடைமையாகப் பார்க்கிறது. உடைமைக்கு ஏற்பட்ட சேதம் என்றால், வழி சிவில் இழப்பீடு.

சில நகரங்கள் இந்த இடைவெளியைக் கவனித்திருக்கின்றன. நொய்டா ஆணையம் 2022 நவம்பரில் அறிவித்த செல்லப்பிராணிக் கொள்கை நல்ல உதாரணம். வளர்ப்பு நாயாலோ பூனையாலோ அசம்பாவிதம் நடந்தால் 2023 மார்ச் 1 முதல் 10,000 ரூபாய் அபராதம். அதோடு காயமடைந்த மனிதர் 'அல்லது விலங்கின்' சிகிச்சைச் செலவையும் உரிமையாளரே ஏற்க வேண்டும். கடிபட்ட நாய் அங்கே ஒரு விதிக்குள் வருகிறது. உங்கள் ஊரில் என்ன விதி என்பதை மாநகராட்சி இணையதளத்தில் இன்றே பார்த்து வையுங்கள். கடி நடந்த பிறகு தேடினால் பதற்றத்தில் ஒன்றும் கண்ணில் படாது.

'தெரிந்தே' என்ற சொல்லின் எடை

291ஆவது பிரிவை இன்னொரு முறை படியுங்கள். கடி நடந்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஆபத்து வரக்கூடும் என்ற நிலையே போதும். 35 கிலோ நாய் உங்கள் நாய் மீது பாயும்போது கயிற்றின் மறுமுனையில் இருப்பது நீங்கள். கீழே விழுவதும் கை நடுவில் மாட்டுவதும் உங்களுக்குத்தான். எனவே புகாரை "என் நாயைப் பயமுறுத்துகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். உங்களுக்கும், அங்கே விளையாடும் குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும் இருக்கும் ஆபத்தையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

அடுத்தது 'தெரிந்தே'. சிவில் வழக்கிலும் இது முக்கியம். வீட்டு விலங்கு செய்த சேதத்துக்கு உரிமையாளரிடம் இழப்பீடு கேட்கும்போது, அந்த விலங்குக்கு அப்படி ஒரு சுபாவம் இருப்பது அவருக்குத் தெரியுமா என்ற கேள்வி வரும். "இதுக்கு முன்னாடி அவன் யாரையும் கடிச்சதே இல்ல" என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் பதிலை உடைக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. நான் வளர்ப்பது தெருவில் எடுத்த நாட்டு நாய். கீழ்வீட்டு நாய் முதல் தடவை உறுமிக்கொண்டு வந்தபோது "பரவாயில்ல அங்கிள்" என்றேன். இரண்டாம் தடவை என் நாயைச் சுவரோடு நெருக்கியபோதும் அதையேதான் சொன்னேன். தினமும் லிஃப்டில் முகம் பார்க்க வேண்டிய மனிதர், எதுக்கு வம்பு என்று. மூன்றாம் தடவை காதைக் கடித்துக் கிழித்துவிட்டது. அசோசியேஷனில் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு முன்னாடி கம்ப்ளைன்ட் குடுத்திருக்கீங்களா?" அங்கிள் அமைதியாகச் சொன்னார்: "இதுதான் ஃபர்ஸ்ட் டைம்." பதிவுகளின்படி அவர் சொன்னது சரி.

ஆகவே, கடி நடப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய அந்த எளிய வேலை இதுதான்: முதல் உறுமலையே எழுத்தில் பதிவு செய்யுங்கள். சண்டை போடத் தேவையில்லை. முதலில் நேரில் பேசுங்கள், பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வார்கள். பேசிவிட்டு வந்ததும் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் சார். இன்று காலை 6.40க்கு பி பிளாக் லிஃப்ட் அருகே உங்கள் நாய் கயிறு இல்லாமல் ஓடிவந்து என் நாய் மீது பாய்ந்தது. தடுக்கப் போய் நானும் தடுமாறினேன். இப்போது நேரில் பேசியபடி, பொது இடங்களில் கயிறு கட்டி அழைத்து வருமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி."

தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, என்ன கேட்கிறீர்கள் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். கோபம் வேண்டாம். இதைப் படித்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று அவரால் சொல்ல முடியாது. சிசிடிவி பதிவு தேவைப்பட்டால் அன்றைக்கே அசோசியேஷனுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பல கேமராக்களில் சில நாட்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

மீண்டும் நடந்தால் எங்கே போவது?

அசோசியேஷன்: எழுத்தில் புகார் கொடுங்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதையே தடை செய்ய முடியாது. நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. ஆனால் பொது இடத்தில் கயிறு கட்டும்படி உரிமையாளர்களிடம் கேட்கலாம். "அந்த நாயை வெளியேத்துங்க" என்று கேட்டால் உங்கள் கோரிக்கை அங்கேயே விழுந்துவிடும். "கயிறு கட்டச் சொல்லுங்க" என்றால் நிற்கும்.

மாநகராட்சி: பலரும் மறக்கும் வழி இது. பல நகரங்களில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், உரிமம் வாங்க ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும். சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. டெல்லியின் மாநகராட்சிச் சட்டம், மூர்க்கமான நாயை வாய்மூடி இல்லாமல் வெளியே விடுவதைத் தடை செய்கிறது. அந்த நாய்க்கு உரிமம் இருக்கிறதா, தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டுப் புகார் கொடுக்கலாம்.

காவல் நிலையம்: 291ஆவது பிரிவு போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்தபோது, இதன் முந்தைய வடிவமான 289ஆவது பிரிவும் சேர்த்து வழக்குப் பதிவானது, உரிமையாளர் கைதானார். நாய்க்கு மட்டும் காயம் என்றால் இவ்வளவு வேகம் இருக்காது. உங்களுக்கும் கீறலோ காயமோ இருந்தால் மருத்துவரிடம் காட்டி, அந்தச் சீட்டையும் புகாரோடு இணையுங்கள்.

கோட்டாட்சியர்: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவின் கீழ், ஆபத்தான விலங்கை அடைத்து வைக்கும்படி நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். பலமுறை புகார் கொடுத்தும் பலனில்லை என்றால்தான் இது. அப்போது உங்கள் பழைய வாட்ஸ்அப் செய்திகள்தான் உங்கள் கோப்பு.

சிகிச்சைச் செலவு: சிவில் வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். லோக் அதாலத்தில் நீதிமன்றக் கட்டணம் கிடையாது, அங்கே எட்டப்படும் தீர்வு இறுதியானது. சில ஆயிரம் ரூபாய் பில்லுக்கு இதுவே பொருத்தமான இடம்.

பாய்ந்துவிட்டால்?

மேலே சொன்னதெல்லாம் கடிக்கு முன்பும் பின்பும். நடுவில் இருக்கும் அந்தச் சில விநாடிகளுக்குச் சட்டம் உதவாது.

ஓடாதீர்கள், ஓடினால் நாய் துரத்தும். உங்களுக்கும் அந்த நாய்க்கும் நடுவில் எதையாவது கொண்டு வாருங்கள். குடை, முதுகுப்பை, கேட், நிறுத்தியிருக்கும் பைக், எதுவானாலும் சரி. கவ்விவிட்டது என்றால் உங்கள் நாயைப் பிடித்து இழுக்காதீர்கள், காயம் இன்னும் கிழியும். இரண்டு வாய்களுக்கு நடுவில் கையை ஒருபோதும் விடாதீர்கள். தண்ணீர் ஊற்றலாம், பலத்த சத்தம் எழுப்பலாம்.

விலக்கியதும் "சின்ன ஓட்டைதானே" என்று மஞ்சள் தடவிவிட்டு இருந்துவிடாதீர்கள். பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வி உலுக்கினால், தோலில் தெரிவது ஒரு புள்ளி, உள்ளே தசை நைந்திருக்கலாம், நுரையீரலில் காயம் இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். உங்கள் நாய் ரேபிஸ் தடுப்பூசி போட்டதாக இருந்தாலும், கூடுதல் ஊசி தேவையா என்று கேளுங்கள். கடித்த நாயின் தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் பல்லோ நகமோ பட்டிருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயங்களின் படம், பில், மருத்துவரின் குறிப்பு மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

செய்யவே கூடாதவை

கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் அந்த நாய்க்கு விஷம் வைத்தாலோ, அதை அடித்து ஊனமாக்கினாலோ, முன்பு சொன்ன 325ஆவது பிரிவு உங்கள் மீது முழுமையாகப் பொருந்தும். அவருடைய அலட்சியத்துக்கு அதிகபட்சம் 6 மாதம், உங்கள் பழிவாங்கலுக்கு அதிகபட்சம் 5 ஆண்டு. அதுபோக, தப்பு அந்த நாயுடையதும் இல்லை. அதற்குக் கயிறு கட்டாத மனிதருடையது.

அபார்ட்மெண்ட் குரூப்பில் பெயர் போட்டுத் திட்டுவதும் வேண்டாம். அன்றிலிருந்து பேச்சு நாயைப் பற்றி இருக்காது, நீங்கள் பேசிய விதத்தைப் பற்றியே இருக்கும்.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் கயிறு. உங்கள் நாய்க்கு உரிமம் இருக்கிறதா? தடுப்பூசி தேதி தாண்டவில்லையே? லிஃப்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் "ரெண்டு நிமிஷம்தானே" என்று நீங்களும் கயிற்றை அவிழ்த்துவிடுவது உண்டா? புகார் கொடுக்கப் போகிறவரிடம் இந்தக் கேள்விகள்தான் முதலில் வரும். அதற்கான பதில்களைச் சரிசெய்துகொண்டு, அந்த வாட்ஸ்அப் செய்தியை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.