மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது புதிய காரா, பழைய காரா? மாறிய ஜிஎஸ்டி கணக்கு

புதுதில்லி: உடல் இயக்கக் குறைபாடு உடைய மாற்றுத்திறனாளிகள் கார் வாங்க முற்படும்போது, வரிச்சலுகையுடன் புதிய காரா, குறைந்த விலையில் பழைய காரா என்ற கேள்வி எழுவது வழக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி விகித மாற்றம் இந்தக் கணக்கை மாற்றியமைத்துள்ளது.

முந்தைய சலுகை என்ன?

அதற்கு முன்பு, சிறிய கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் இழப்பீட்டு செஸ் வரியும் விதிக்கப்பட்டன. 40 சதவீதமோ அதற்கு மேலோ இயக்கக் குறைபாடு உள்ளவர்கள், மத்திய கனரகத் தொழில்கள் அமைச்சகத்தின் சான்றிதழைப் பெற்று 18 சதவீத ஜிஎஸ்டியில், செஸ் இன்றி வாங்க முடிந்தது. வரிக்கு முந்தைய விலை 5 லட்சம் ரூபாயாக உள்ள சிறிய பெட்ரோல் காருக்கு, 1 சதவீத செஸ் உள்பட, சுமார் 55,000 ரூபாய் மிச்சமானது.

தற்போது 4 மீட்டர் நீளத்துக்கும், பெட்ரோல் எனில் 1,200 சிசி, டீசல் எனில் 1,500 சிசி திறனுக்கும் மிகாத கார்களுக்கு அனைவருமே 18 சதவீதம்தான் செலுத்துகின்றனர். விலை குறைந்தது உண்மை. ஆனால், கை இயக்கக் கருவிகளைப் பொருத்தும் கூடுதல் செலவை ஈடுசெய்ய உதவிய தனிச்சலுகை பொருளிழந்துவிட்டது.

பழைய கார் எனில்...

பதிவு பெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால், 2025 ஜனவரி முதல் அவரது லாபத்தின் மீது மட்டும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. லாபம் 50,000 ரூபாய் எனில் வரி 9,000 ரூபாய். தனிநபர் தமது சொந்த காரை மற்றொருவருக்கு விற்கும்போது ஜிஎஸ்டி இல்லை.

எனினும், விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியாகாது. சலுகையில் வாங்கிய காரை 5 ஆண்டுகளுக்குள் விற்பதில்லை என உரிமையாளர் உறுதியளித்திருப்பார் என்பதால், முந்தைய ஆவணங்களைச் சரிபார்ப்பது அவசியம். கால்களைப் பயன்படுத்த இயலாதவர்களுக்குக் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் எளிது. கை இயக்கக் கருவிகளைப் பொருத்தும் மாற்றத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்று, பதிவுச் சான்றிதழிலும் குறிப்பிடச் செய்ய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையெனில் விபத்துக்குப் பின் இழப்பீடு கோருவதில் சிக்கல் எழலாம்.

பிரிட்டனில் 'மோட்டபிலிட்டி' திட்டத்தின் கீழ், தகுதியுடையோர் அரசின் போக்குவரத்து உதவித்தொகையைக் கொண்டு காரைக் குத்தகைக்குப் பெறுகின்றனர். காப்பீடும் பராமரிப்பும் அதிலேயே அடங்கும். இந்தியாவில் அத்தகைய ஏற்பாடு இல்லாததால், இச்செலவுகளை வாங்குபவரே ஏற்க வேண்டியுள்ளது.

எனவே, காரின் விலை, கருவிகள், காப்பீடு, பழுதுபார்ப்பு, மாநில சாலை வரிச்சலுகை ஆகியவற்றைச் சேர்த்து, 5 ஆண்டுகளுக்கான மொத்தச் செலவை ஒப்பிட்ட பிறகே முடிவெடுப்பது நல்லது.