புதுத் தவளை இரை எடுக்கவில்லையா?

"வாங்கி மூன்று நாள் ஆகிறது. எதைப் போட்டாலும் தொடவில்லை. மூலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது." மரத்தவளையை முதன்முறை வளர்க்கிற எவரும் கேட்கிற கேள்வி இது. பதில் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது எங்கிருந்து வந்தது?

நசரத்பேட்டையில் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. ஐப்பசி மழையில் குளியலறைச் சுவரிலோ துவைக்கிற கல்லுக்குப் பின்னாலோ வந்து ஒட்டிக்கொள்கிற வெளிர் பழுப்புத் தேரையாக இருக்கலாம். ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயரில் நம் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளையடித்த சுவரில் அது அப்படியே கரைந்துபோகும். செம்பரம்பாக்கம் ஏரி கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர், காலி மனைகளில் தண்ணீர் தேங்குகிற ஊர். தேரை வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பிள்ளைகள் அதைப் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுகிறார்கள். அது சாப்பிடாது. அதற்கு வைத்தியம் ஒன்றே: அன்று மாலையே பிடித்த இடத்தில், ஈரமான செடியடியில் விட்டுவிடுங்கள். தேரை பட்டால் குழந்தை மெலியும் என்ற பயத்தில் அதை அடிக்கவும் வேண்டாம். கொசுவையும் கரப்பானையும் தின்று வாழ்கிற பிராணி அது.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன் பார்வையில் கொல்வது மட்டும் வேட்டையல்ல. பிடிப்பதும் பொறி வைப்பதும் வேட்டைதான். எந்தத் தவளை சட்டத்தின் எந்த அட்டவணையில் இருக்கிறது என்று கொல்லையில் நின்றபடி பிரித்தறிய முடியாது. ஆகவே ஊர்த் தவளை எதையும் பிடித்து வளர்க்காமல் இருப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது விடை, கடையிலோ கைப்பேசி வழியாகவோ காசு கொடுத்து வாங்கிய வெளிநாட்டு மரத்தவளை. பச்சையாக, கொழுகொழுவென்று இருக்கிற ஆஸ்திரேலிய மரத்தவளைதான் வளர்ப்போரிடம் உலகெங்கும் பிரபலம். அது உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்றால், முதல் உதவி உணவு அல்ல, தனிமை.

பிளாஸ்டிக் டப்பாவில் குலுங்கி வந்த உயிர் அது. முதல் மூன்று நாள் கையில் எடுக்காதீர்கள். பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டாதீர்கள். அகலத்தைவிட உயரம் கூடிய கண்ணாடித் தொட்டி, மேலே வலை மூடி, ஏறி உட்கார ஒரு கிளை, ஒளிந்துகொள்ள அகன்ற இலைச் செடி, உட்கார்ந்தால் மூழ்காத அளவு ஆழமற்ற தண்ணீர்த் தட்டு. இவ்வளவு போதும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது உடம்புக்குள் போகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வையுங்கள். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கிற குளோரின் நீக்கியையும் சேர்ப்பது இன்னும் நல்லது. உப்புத் தூக்கலான போர் தண்ணீர் வேண்டாம்.

நம் வீடுகளில் யாரும் நினைத்துப் பார்க்காத ஆபத்து கொசு மருந்து. சுருளோ, பிளக்கில் சொருகுகிற திரவமோ, கரப்பானுக்கு அடிக்கிற ஸ்பிரேயோ, பூச்சியைக் கொல்வதற்கென்று செய்தவை அந்த மெல்லிய தோல் வழியாகவும் இறங்கும். தவளை இருக்கிற அறையில் இவை எதுவும் கூடாது. அடுத்தது வெயில். ஆஸ்திரேலிய மரத்தவளைக்குப் பகலில் 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை ஒத்துக்கொள்ளும். சித்திரையில் நம் மொட்டை மாடி அறை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், நேர் வெயில் படாமல் தொட்டியை வையுங்கள்.

இனி இரை. மரத்தவளை இராப்பிராணி, அசைகிற இரையைத்தான் பார்க்கும். பகலில் செத்த பூச்சியைப் போட்டுவிட்டு, சாப்பிடவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. விளக்கணைத்த பிறகு இரண்டு மூன்று சுவர்க்கோழிகளை விடுங்கள். கிடைக்காவிட்டால் வளர்ப்புக் கரப்பான், எப்போதாவது ஒருமுறை மீன் தொட்டிக் கடையில் விற்கிற மீல்வார்ம். தவளையின் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தைவிடப் பெரிய இரை வேண்டாம். வாரம் ஒன்றிரண்டு முறை கால்சியம் பொடி தூவிக் கொடுங்கள். சமையலறையில் ஓடுகிற கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள், அது எந்த மருந்தைத் தின்று வந்ததோ. மிஞ்சிய பூச்சியைக் காலையில் எடுத்துவிடுங்கள். பசித்த சுவர்க்கோழி தவளையையே கடிக்கும்.

வளர்ந்த தவளை ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் பதற வேண்டாம். வாயைத் திறந்து திணிக்கவே கூடாது. ஆனால் இடுப்பெலும்பு தெரிந்தாலோ, தொடையின் அடிப்பக்கம் சிவந்தாலோ, வயிறு ஊதினாலோ, பகலெல்லாம் தண்ணீர்த் தட்டிலேயே கிடந்தாலோ தாமதிக்காதீர்கள். 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கு எட்டுகிற தூரம்தான். தவளையைப் பார்க்கிற மருத்துவர் எப்போது இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். ஆரோக்கியமாகத் தெரிகிற தவளையிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 2008 முதல் 2011 வரை அமெரிக்காவில் வளர்ப்புக் குள்ளத் தவளைகளால் சால்மோனெல்லா பரவியது. படுத்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். தொட்டியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

சட்டத்துக்கு வருவோம். வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்கள் இப்போது இந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வருகின்றன. சிவந்த கண்ணுள்ள மத்திய அமெரிக்க மரத்தவளை 2010 முதல் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. அத்தகைய உயிரை வைத்திருப்பவர் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாளுக்குள். சட்டத்தை மீறினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆஸ்திரேலிய மரத்தவளை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து எந்த உயிரையும் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் விலங்குத் தடுப்புக் காப்புச் சான்றும் தேவை. 2019-ல் பாங்காக்கிலிருந்து வந்த ஒருவரின் பையில் ஒரு மாதச் சிறுத்தைக் குட்டி கிடைத்தது நம் மீனம்பாக்கம் விமான நிலையத்தில்தான். பெட்டியில் திணித்துக் கடத்துகிற அந்த வழியில் நாம் பணம் கட்டக் கூடாது. ரசீது தராத, எங்கே பிறந்த தவளை என்று சொல்லாத, மாநில விலங்கு நல வாரியத்தின் பதிவைக் காட்டாத கடையில் வாங்காதீர்கள்.

நோயுள்ளதை விற்று ஏமாற்றினால் ரசீது, படம், மருத்துவர் குறிப்பு மூன்றையும் வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தில், அதாவது திருவள்ளூரில், வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

வளர்க்க முடியவில்லை என்றால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள். நம் ஊர்ப் பெருந்தவளை அந்தமானுக்குப் போய்ச் சேர்ந்து அங்குள்ள மீனையும் தவளையையும் தின்கிறது; அதன் தலைப்பிரட்டைகூட மற்றத் தலைப்பிரட்டைகளைத் தின்கிறது. வளர்ப்புத் தவளைகளோடு ஊர் ஊராகப் பரவிய தோல் பூஞ்சையால் உலகில் 90 நீர்நில வாழ் இனங்கள் அழிந்தன அல்லது அழிந்திருக்கக்கூடும் என்று 2019-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தொட்டித் தண்ணீரையும் பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்த பிறகே கழிப்பறையில் கொட்டுங்கள், மழைநீர்க் கால்வாயில் வேண்டாம். நசரத்பேட்டையின் மழைநீர் கடைசியில் போய்ச் சேர்கிற இடத்தில் நம் தேரைகள் முட்டையிடுகின்றன.