விறாந்தையில் ஒரு மின்னிசை மேடை

சென்ற பொங்கல் விடுமுறையில் முள்ளியவளையிலுள்ள நம் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். விறாந்தையில் ஒரு மேசை. அதன்மேல் இசை விசைப்பலகை ஒன்று, மடிக்கணினி ஒன்று, சிறிய ஒலிக்கலவைப் பெட்டி ஒன்று. இரு மருங்கும் ஒலிபெருக்கிகள். மின்னிசையைக் கேட்போர் முன்னிலையில் நேரே வாசிப்பதற்கென அவர் ஓராண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தவை அவை. பொத்தான் ஒன்றை அழுத்தினார்; தாளமும் தம்புராவும் வயலின் கூட்டமும் ஒருங்கே எழுந்தன.

மூலையிலிருந்த அம்மம்மா, "எல்லாம் அதுதானே செய்யுது, நீ என்ன செய்யிறாய், ராசா?" என்று கேட்டார். மாணவர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி அத்துணை நியாயமானது.

இக்கேள்விக்கு விடை தேடுவோர் பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங்கை அறிதல் நன்று. இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிற்றாரும் விசைக்கருவிகளும் வாசித்து வந்த அவர், 1982 இல் பத்து இராகங்களை டிஸ்கோத் தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டுக்காக வாசித்தார். பூபாலியும் யமனும் மால்கௌன்ஸும் அவற்றுட் சில; நம்மவர் மொழியிற் சொன்னால் மோகனம், கல்யாணி, இந்தோளம். பதிவுக்கூடத்துக்குச் செல்லுமுன் அவர் வீட்டிலிருந்தே பழகிப் பார்த்தார். கருவிகளோ மூன்று. மூன்றும் ரோலண்ட் நிறுவனத்தின் ஆக்கங்கள். ஒன்று தாளம் கொட்டியது. ஒன்று அடிநாதம் இசைத்தது. மூன்றாவதான ஜூப்பிற்றர்-8 இல் அவர் தம் கைகளாலேயே இராகத்தை வாசித்தார். அந்நாளில் இசைத்தட்டு விலைபோகவில்லை. 2010 இல் மறுபதிப்பு வெளிவந்த பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. முதுமையில் ஐரோப்பிய மேடைகளிலும் அவ்விராகங்களை வாசித்த அவர் 2015 இல் மறைந்தார்.

இயந்திரத்துக்கு எதை விட்டார், தம் கைக்கு எதை வைத்துக்கொண்டார் என்பதையே நாம் நோக்க வேண்டும். மாறாத கொட்டு இயந்திரத்துக்கு. இராகத்தின் வளைவும் தயக்கமும் கைக்கு. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. அண்ணாவியார் ஆடுபவரின் காலைப் பார்த்தல்லவோ மத்தளத்தின் நடையை மாற்றுகின்றார்! இயந்திரத்துக்குப் பார்க்கும் கண் இல்லை. வாசிப்பவரே அதற்கு அண்ணாவியாராதல் வேண்டும். இதையே மாணவருக்கும் சொன்னோம். வயலின் கூட்டத்தை நீக்குவதற்கு மட்டும் அவர் அரைமணி நேரம் நம்மோடு வாதாடினார்!

பின்னர் நடைமுறைக்கு வந்தோம். கணினி வழியாக வாசிக்கையில் விரல் பட்டதற்கும் ஒலி எழுவதற்கும் இடையே தாமதம் நேரும். செக்கனுக்கு 48,000 ஒலிக்கூறுகள் என்ற கணக்கில், கணினி 256 கூறுகளைச் சேர்த்துவைத்து அனுப்பினால் அதற்குச் செல்வது ஏறக்குறைய 5 மில்லிசெக்கன்; 1,024 கூறுகளாயின் 21. முன்னையதைக் காது பொறுத்துக்கொள்ளும். பின்னையதோ ஏழு மீற்றருக்கு அப்பால் நிற்பவர் நம் விரலுக்காக வாசிப்பது போன்றது. எனவே அந்த எண்ணைக் குறைத்து வைத்தோம். ஒலிபெருக்கியில் ஓயாத இரைச்சலும் இருந்தது. கணினி ஒரு சுவரிலும் கலவைப் பெட்டி வேறொரு சுவரிலும் மின்சாரம் பெற்றமையே காரணம். யாவற்றையும் புவித்தொடுப்புள்ள ஒரே செருகுமிடத்திலிருந்து எடுத்ததும் அது அடங்கிற்று. ஒலிபெருக்கியை இறுதியில் இயக்கி, முதலில் நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தோம். செம்புழுதிக்கு வழி பழைய சேலைத் துண்டுதான். அதை அம்மம்மாவே கொடுத்தார்.

மின்சாரம் பற்றிய பேச்சு எழுந்தபோது அவர் முகம் மலர்ந்தது. 1990களில் வன்னியில் மின்சாரமும் இல்லை. மின்கலங்கள் வருவதற்கும் தடை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைக் கையாற் சுற்றி, தைனமோவிலிருந்து வானொலியை இயக்கிய பிள்ளைகளுள் நாமும் ஒருவர். தைனமோ தருவது 6 வோல்ற், 1.5 வோல்ற் மின்கலம் நான்கு சேர்ந்தாலும் அதே 6. இடையில் ஓர் இருவாயியைப் பொருத்தி மின்னோட்டத்தை ஒரு திசைப்படுத்த வேண்டும். சுற்றுபவரின் கை தளர்ந்தால் பாட்டும் தளரும். "சுத்தடா, சுத்தடா" என்று அம்மம்மா நடித்தே காட்டினார்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாடு மறக்கவில்லை. ஆதலின் 12 வோல்ற், 100 அம்பியர்-மணி பற்றறி ஒன்றையும் மாற்றிக் கருவி ஒன்றையும் வாங்குமாறு கூறினோம். பற்றறியின் பாதிக் கொள்ளளவை மட்டும் பயன்படுத்தினாலும், 80 வாற்று அளவே செலவாகும் அச்சிறு மேடைக்கு ஆறு மணி நேரம் போதும்.

வைகாசியில் மீண்டும் சென்றோம். அயலவர் பதினைந்து பேரளவில் முற்றத்தில் அமர்ந்திருந்தனர். வயலின் கூட்டம் போயிருந்தது. தம்புராவும் மெல்லிய கொட்டும் மாத்திரமே இயந்திரத்திடம். மாணவர் வலக்கையால் இந்தோளத்தை வாசித்து, இடக்கையால் திருகொன்றைத் திருப்பி நாதத்தை மங்கவும் மலரவும் செய்தார். ஓரிடத்தில் அவர் பிழைவிட்டுத் திரும்பவும் பிடித்தபோது அம்மம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாதியில் ஊரெங்கும் மின்சாரம் நின்றது. மின்குமிழ்கள் அணைந்தன, இந்தோளம் நிற்கவில்லை. இருளிலிருந்து அவர் குரல் கேட்டது: "அப்ப இனிச் சில்லுச் சுத்த ஆள் தேவையில்லையோ, மாஸ்ரர்?"